ஜாம்பி குறும்படம்: பத்துப் பேரை வைத்துக் கூட்டம் காட்ட முடியுமா?

பின்வரிசை:
நண்பர்கள் சேர்ந்து ஒரு ஜாம்பி குறும்படம் எடுக்கிறோம். கையில் பெரிதாகப் பணமில்லை. ஒரு வீடு, ஒரு கேமரா, பத்துப் பேர், அவ்வளவுதான். சோதனைக்கு எடுத்துப் பார்த்தால் ரத்தம் ரோஸ் கலரில் தெரிகிறது. ஜாம்பிகளோ கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி நடக்கிறார்கள். பேசாமல் கருப்பு வெள்ளைக்குப் போய்விடலாம் என்கிறான் கேமராக்காரன். போகலாமா?

அரிதாரம்:
குறும்படங்களுக்கு மேக்கப் போடுகிறவள் என்பதால் முதலில் ரத்தம். சிவப்பு ஃபுட் கலரை மட்டும் நம்பினால் மெல்லிசாகப் பரவும் இடத்தில் ரோஸ்தான் அடிக்கும். குளுக்கோஸ் சிரப்பில் சிவப்பைக் கலந்து, நீலம் ஒரே ஒரு சொட்டு விடுங்கள், அப்புறம் கொஞ்சம் கோகோ பவுடர். காயாத ரத்தத்துக்கு அது போதும், பழைய ரத்தத்துக்குக் கோகோவைக் கூட்டுங்கள். துணியில் கறை சுலபமாகப் போக வேண்டுமென்று சிலர் சோப்புத் திரவம் சேர்ப்பார்கள். அந்தக் கலவையை நடிகர் வாய்ப் பக்கம் கொண்டு போகவே கூடாது.

காயத்துக்கு லிக்விட் லேடெக்ஸ் (திரவ ரப்பர்) ஒரு பூச்சு, மேலே டிஷ்யூ பேப்பர், மறுபடி லேடெக்ஸ். காய்ந்ததும் நடுவில் கிழித்து உள்ளே சாயம் வையுங்கள். முதல் நாளே கையில் ஒரு சொட்டு தடவிப் பாருங்கள், சிலருக்கு ஒவ்வாது. புருவத்தில் வாஸலின் தடவாமல் போட்டால், உரிக்கும்போது புருவமும் கூடவே வரும். நடிகரின் திட்டு எனக்கு வேண்டாம்!

கருப்பு வெள்ளை ஒன்றும் ஏமாற்று வேலை இல்லை. 1968இல் வெளியான 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்ற கருப்பு வெள்ளை ஜாம்பி படத்தை ஜார்ஜ் ரொமேரோ எடுத்தது சுமார் 1,14,000 டாலரில். அதில் ரத்தமாக ஓடியது சாக்லேட் சிரப்.

ஒலிப்பெட்டி:
ரத்தத்தை விடுங்கள், கூட்டம் காதில் இருக்கிறது. கதவுக்கு இந்தப் பக்கம் கேமராவை வையுங்கள். அந்தப் பக்கம் பத்துப் பேரும் முனகுவதைப் பலமுறை பதிவு செய்து அடுக்குங்கள். ஜன்னலில் நாலு கை தெரிந்தால் மீதியைப் பார்ப்பவரே நிரப்பிக்கொள்வார். எலும்பு நொறுங்கும் சத்தத்துக்கு செலரித் தண்டை மைக் பக்கத்தில் முறியுங்கள்.

அரிதாரம்:
முழுப் படமும் கதவுக்குப் பின்னாலேயே ஓடினால் எப்படி? ஒரு முகமாவது கிட்டத்தில் தெரிய வேண்டும். நன்றாக நடிக்கிற ஒருவருக்கு மட்டும் முழு மேக்கப் போட்டு முன்னால் நிறுத்துங்கள். பின்னால் நிற்பவர்களுக்குச் சாம்பல் பூச்சு போதும், எப்படியும் மங்கலாகத்தான் தெரிவார்கள். சட்டையை மாற்றி அவர்களையே திரும்ப அனுப்பலாம். நடையைப் பொறுத்தவரை, எல்லாரும் ஒரே மாதிரி காலை இழுப்பதுதான் சிக்கல். ஒருவருக்கு முழங்கால் மடங்காது, இன்னொருவருக்குத் தோள் நகராது என்று ஆளுக்கொரு குறை கொடுத்துப் பாருங்கள்.

நள்ளிரவு:
ஷினிச்சிரோ உவேதாவின் 'ஒன் கட் ஆஃப் தி டெட்' பாருங்கள். சுமார் 30 லட்சம் யென்னில் எடுத்த ஜப்பானியப் படம். தொடக்கத்தில் 37 நிமிடம் ஒரே ஷாட். கதையை முன்கூட்டியே யாரிடமும் கேட்காதீர்கள்.

பின்வரிசை:
நன்றி. கலர்தான், முடிவு செய்துவிட்டோம். முழங்கால் மடங்காதவன் பாத்திரத்தை கேமராக்காரனே கேட்கிறான். அப்போது கேமராவை யார் பிடிப்பது என்று தெரியவில்லை.