லாரி ஓட்டும் அண்ணனுக்கு ரத்த அழுத்தம்: வழி சொல்லுங்கள்

வணக்கம். அண்ணன் நாமக்கல்லில் இருந்து நாக்பூருக்கு லாரி ஓட்டுகிறார். வயது 46. சென்ற வாரம் ரத்த அழுத்தம் 170/100. கொடுத்த மாத்திரையில் சிறுநீர் பிரிக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. "பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை வண்டியை ஓரங்கட்டவா?" என்று லோடு ஏற்றிவிட்டால் மாத்திரையைத் தொடுவதே இல்லை. பாதி அட்டை டேஷ்போர்டு வெயிலில் காய்கிறது. தாபாவில் எண்ணெய் மிதக்கும் குழம்பு, ஊறுகாய். விடிய விடிய பீடி. தலைவலியே இல்லையாம். அழுத்தம் சொல்லிக்கொண்டா ஏறும்?

நான் சொன்னால் கேட்கமாட்டார். ஸ்டியரிங் பிடித்தவர்கள் சொன்னால் காது கொடுப்பார். மாத்திரையை எந்த நேரத்தில் போடுகிறீர்கள்? மருத்துவரிடம் பேசி வேறு மாத்திரைக்கு மாறியவர்கள் உண்டா? ஓசூர் தாண்டி, கேட்டால் உப்பு குறைத்துச் சமைத்துத் தரும் கடை தெரிந்தாலும் எழுதுங்கள். வியாழக்கிழமை மறுபடி கிளம்புகிறார்.