ஓவியத்தை வீட்டிலேயே படம் எடுக்கும்போது வெளிச்சம் சமமாக வரவில்லை, பளபளப்பும் போகவில்லை

தூரிகை:
ஏ3 அளவு நீர்வண்ணப் படங்களையும் வார்னிஷ் பூசின அக்ரிலிக் கேன்வாஸையும் ஃபோனில் எடுக்கிறேன். சுவரில் மாட்டி, ரெண்டு பக்கமும் 9 வாட் எல்இடி பல்பு. மூணு சிக்கல்: இடது பக்கம் வெளுத்துப் போகுது, வெள்ளைத் தாள் சாம்பலா வருது, அக்ரிலிக்கில் கருநீலம் இருக்கிற இடமெல்லாம் பால் ஊத்தின மாதிரி ஒரு பளபளப்பு. இன்னும் பெரிய பல்பு போடணுமா, இல்ல கேமராவே வாங்கணுமா?

முக்காலி:
ரெண்டும் வேண்டாம். வாட் கம்மியா இருக்கிறதால இதுல எதுவும் வர்றதில்ல. படம் அசையப் போறதில்லையே, ட்ரைபாட்ல ஃபோனை வச்சு ஷட்டரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து வச்சா 9 வாட் தாராளம்.

முதல்ல அறை விளக்கை அணைச்சு ஜன்னலை மூடுங்க. ஒரு பக்கம் மட்டும் வெளுத்தா பாதி நேரம் குற்றவாளி ஜன்னல்தான். அதோட நிறமும் பல்போட நிறமும் வேற. கலந்துட்டா எடிட்டிங்ல ஒரு பக்கத்தைச் சரி பண்ணும்போது இன்னொரு பக்கம் கெடும்.

ரெண்டு பல்பும் ஒரே மாடலா இருக்கணும். 5000 கெல்வின் (பகல் மாதிரி வெள்ளை), சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையா காட்டுதுங்கிற மதிப்பு, 100 வரை) 95க்கு மேல. வீட்டுல சாதாரணமா போடுற பல்பு 80 சுமார்தான் இருக்கும். அதுல ஆழ்ந்த சிவப்பு மங்கிடும், அப்புறம் இழுத்தாலும் வராது.

பல்பு உயரம் படத்தோட நடுப்புள்ளிக்கு நேரா. படத்தோட தளத்துக்கு 45 டிகிரி. தூரம் நீளப் பக்கத்தைப் போல மூணு மடங்காவது. ஏ3க்கு 42 செ.மீ.ன்னா ஒண்ணேகால் மீட்டருக்கு மேல. தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் கால்வாசி ஆயிடும். அதனால பல்பு ரொம்பக் கிட்ட இருந்தா, அது பக்கத்து ஓரம் எரியும், எதிர் ஓரம் மங்கும். தள்ளி வைக்க இடமில்லைன்னா பல்பு முகத்தை நடுவுக்குத் திருப்பாம எதிர்ப்பக்க ஓரத்தைப் பார்த்துத் திருப்புங்க.

சரியா இருக்கான்னு பார்க்க ஆப் எதுவும் வேண்டாம். படத்தைக் கழட்டிட்டு அதே இடத்துல வெள்ளை அட்டை ஒட்டி, நடுவுல பென்சில் முனையைச் செங்குத்தா வச்சுப் பிடிங்க. ரெண்டு நிழல் விழும். நீளமும் கருமையும் ஒண்ணா இருக்கணும். எந்தப் பக்கம் விழுற நிழல் கருப்பா இருக்கோ, அதுக்கு எதிர்ப்பக்க பல்புதான் பலமா இருக்கு. அதைக் கொஞ்சம் பின்னால தள்ளுங்க.

ஆடிமுகம்:
பளபளப்பு பற்றி. அது கோணக் கணக்கு. வெளிச்சத்தைக் குறைத்தாலும் போகாது. வார்னிஷ் பரப்பு கண்ணாடி போலத்தான், பல்பு எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும். திரும்பும் வழியில் லென்ஸ் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கையளவு முகக்கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் இருக்கும் இடத்தில் உங்கள் கண் இருக்க, இன்னொருவர் அதைப் படத்தின் மேல் தட்டையாக வைத்து மெல்ல நகர்த்தட்டும். எங்கே பல்பு தெரிகிறதோ அங்கேதான் வெள்ளைத் திட்டு விழும். பல்பை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்பதும் அப்போதே புரிந்துவிடும். அதே கண்ணாடியைப் படத்தின் நடுவில் வைத்தால், ஃபோன் திரையின் மையத்தில் லென்ஸே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஃபோன் சாய்ந்திருக்கிறது. நாலு மூலையும் சதுரமாக வராது.

வார்னிஷ் படத்துக்கு 45 டிகிரியை 30 ஆக்கிப் பாருங்கள், அதாவது பல்பைச் சுவரை ஒட்டி நகர்த்துங்கள். அதற்கும் கீழே போனால் கேன்வாஸ் நெசவின் நிழல் மணல்மணலாகத் தெரியும். கூடவே ஃபோனைப் பின்னால் தள்ளி 2 அல்லது 3 மடங்கு ஜூமில் எடுங்கள். பளபளப்பு விழக்கூடிய கோணங்கள் குறையும், ஓரங்களின் வளைவும் போகும். ஃபோனுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணி தொங்கட்டும். வெள்ளைச் சட்டை கூட கருநீலத்தில் தெரியும்.

இதற்கும் அடங்காவிட்டால், இரண்டு பல்புக்கும் முன்னால் போலரைசர் ஷீட் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) ஒரே திசையில், லென்ஸுக்கு முன்னால் சுழலும் போலரைசர். பக்கத்தில் ஒரு எவர்சில்வர் கரண்டியை வைத்து, அதில் பல்பின் பிம்பம் கறுக்கும்வரை சுழற்றுங்கள். டிரேசிங் பேப்பர் போடுவதாக இருந்தால் பல்புக்கும் ஷீட்டுக்கும் நடுவில்தான்; ஷீட்டுக்கு முன்னால் போட்டால் போலரைசர் போட்டதே வீண். தங்கத் தாள் ஒட்டிய படத்துக்கு இந்த வழி ஆகாது, தங்கம் பழுப்பாகச் செத்துப்போகும்.

தூரிகை:
கண்ணாடி வச்சதும் வலது பல்பு அப்படியே தெரிஞ்சது, நகர்த்தினதும் திட்டு போச்சு. தாள் மட்டும் இன்னும் சாம்பல். அப்புறம் திரையில் கிடைக்கோடுகள் ஓடுது.

முக்காலி:
கோடு பல்போட துடிப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துல மலிவான எல்இடி நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஃபோன் கேமராவோட ப்ரோ மோடுல (நாமே அமைக்கிற முறை) ஷட்டர் 1/50 அல்லது 1/25 நொடி வைங்க (60 ஹெர்ட்ஸ்னா 1/60, 1/30). ஐஎஸ்ஓ (ஒளிக்கு சென்சாரோட உணர்திறன்) இருக்கிறதுலயே கம்மி. 2 நொடி டைமர் போடுங்க, விரல் பட்ட அசைவுல எடுக்காதீங்க.

சாம்பல் ஏன்னா, ஆட்டோ எக்ஸ்போஷர் எதைப் பார்த்தாலும் நடுத்தர சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை அதிகமுள்ள படத்துக்கு எக்ஸ்போஷரை +0.7 முதல் +1 வரை ஏத்துங்க. எடுத்த படத்துல தாளோட வெள்ளை, 0 கருப்பு 255 முழு வெள்ளைங்கிற கணக்குல, 240 சுமார் இருந்தா போதும். 255 தொட்டா மெல்லிய வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) எல்லாம் காணாமப் போயிடும். எச்டிஆர், சீன் ஆப்டிமைசர் (ஃபோன் தானா வெளிச்சம், நிறம் மாத்துற வசதிகள்) ரெண்டையும் அணைச்சிடுங்க, நீங்க போடாத நிறத்தையெல்லாம் அது போடும்.

ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையா காட்டுற நிறச் சரிக்கட்டல்) ஆட்டோல விடாதீங்க. கிரே கார்டை (நடுநிலைச் சாம்பல் அட்டை) படத்து முன்னாடி வச்சு ஒரு ஷாட், அதை வச்சு மத்ததைச் சரி பண்ணுங்க. பிரின்டர் தாளைக் கார்டா பயன்படுத்தினா, அதுல இருக்கிற பிரகாசமூட்டி பகல் வெளிச்சத்துல நீலம் காட்டும். அதைச் சரி பண்ணப் போய் ஓவியம் மஞ்சளடிக்கும்.

ஊசிநூல்:
எம்பிராய்டரி, தடித்த நைஃப் வேலை (கத்தியால வண்ணம் அப்பினது) எடுக்கிறவங்களுக்கு ஒண்ணு: மேல சொன்ன சம வெளிச்சத்துல புடைப்பெல்லாம் தட்டையாயிடும். வலது பல்பை மட்டும் 1.4 மடங்கு தூரத்துக்குத் தள்ளுங்க, அதோட வெளிச்சம் பாதியாகும். இடது பல்பு படத்தோட மேல் ஓரத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கட்டும். தையல் ஒவ்வொண்ணும் எழும்பித் தெரியும்.