நெலுவா, புலியா?

மலைக்குருவி: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "செடியை வெட்டினாலும் முளைக்கும், புலி செத்தால் போச்சு. காசை எல்லாம் புலிக்கே செலவழிக்கணும்." வாசித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 2013இல் இலங்கை மலைநாட்டு ஹோட்டன் சமவெளியில் நெலு பூத்ததைப் பார்த்தவள் நான். 12 வருசம் வளர்ந்து, ஒரே தடவை பூத்து, விதை கொட்டிவிட்டுச் செத்துப்போகும் செடி அது. அப்புறம் போனபோது தண்டெல்லாம் காய்ந்து, கை பட்டதும் படக்கென்று முறிந்தது. அடியில் காட்டுக்கோழி விதையைக் கிளறிக்கொண்டிருந்தது. 11ஆம் வருசம் வெட்டினால் விதை எங்கிருந்து வரும்?

நல்லதண்ணியான்: எழுதியவன் நான்தான் அக்கா, பெயர் சொல்லியே ஏசலாமே. 2020 மே மாதம் எங்கள் பக்கத்து மரக்கறித் தோட்டத்தில் சுருக்குக் கம்பியில் கரும்புலி மாட்டியது. சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. புலிக்குட்டி ஒன்றரை, இரண்டு வருசம் தாய் பின்னாலேயே திரியும். தாய் போனால் குட்டியும் போச்சு. நெலுவுக்கு அப்படியா?

மலைக்குருவி: தாய்ப்புலி 12 வருசத்தில் மூன்று நாலு ஈற்றுப் போடும். நெலுவுக்கு ஒரே ஈற்று. 11ஆம் வருசம் வெட்டினால்? அதற்குப் பதிலைக் காணோம்.

கண்டிவாசி: இலங்கைக் காட்டில் புலியே கிடையாது. சிறுத்தை. இதுகூடத் தெரியாமல் பாதுகாப்புப் பேச வந்துவிட்டீர்கள்.

நல்லதண்ணியான்: தாத்தா காலத்திலிருந்து எங்கள் தோட்டத்தில் அது புலிதான். கொழுந்து எடுக்கிற மலையில் குறுக்கே பாய்ந்தால் "ஐயோ சிறுத்தை" என்றா கத்துவோம்? நீங்கள் டவுனில் இருந்து பெயர் திருத்துங்கள்.

கண்டிவாசி: சரி, எல்லா நெலுவுக்கும் 12 வருசக் கணக்கு இல்லை. இனத்துக்கு இனம் மாறும்.

மலைக்குருவி: நான் சொன்னது சமவெளியில் பூத்ததை. மாறினால் மாறட்டும், பூக்க முந்தின வருசம் வெட்டினால் விதை உண்டா, இல்லையா?

நல்லதண்ணியான்: சமவெளி 1988இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே யார் வெட்டுகிறார்கள்? எங்கள் புலிக்கு வேலி உண்டா? நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் தேயிலைக்குள்தான் நடக்கிறது. சுருக்கு வைக்கிறவனை விட்டுவிட்டுப் பூவுக்கு அழுகிறீர்கள்.

மலைக்குருவி: பூங்காவுக்குள் நிற்பது மட்டும்தான் நெலுவா? வெளியே ஓடையோரத்தில் நிற்பதை விறகுக்கும் பாத்திக்கும் வெட்டுகிறார்களே! போன மாதம் பன்றி இறைச்சிப் பேச்சிலும் இப்படித்தான் நழுவினீர்கள் தம்பி.

நல்லதண்ணியான்: பன்றிக் கதையை இழுக்காதீர்கள். அன்றைக்கு என் குடும்பத்தைப் பற்றி எழுதியதை நான் மறக்கவில்லை.

மலைக்குருவி: 11ஆம் வருசம்?