'டார்க் சைட்' முதலா, 'விஷ் யூ வேர் ஹியர்' முதலா?

ஊசிமுனை:
பள்ளி நாளிலிருந்து ராக் கேட்கிறவன் நான். பிங்க் ஃப்ளாய்டு என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ஆல்பங்களில் சிறந்தது எது என்றால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 1973-இல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' என்கிறார்கள். எனக்கு 1975-இல் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்'தான் முதலிடம். அதில் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்' பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். ரிச்சர்ட் ரைட்டின் சிந்தசைசர் மெல்லப் பரவுகிறது. அப்புறம் டேவிட் கில்மர் கிட்டாரில் நான்கே நான்கு ஸ்வரம். பாடும் குரல் வர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். 'டார்க் சைட்'டில் இந்த நிதானம் எங்கே?

கடைசிபெஞ்ச்:
அண்ணே, நீங்கள் நிதானம் என்பதை நான் இழுவை என்பேன். 'டார்க் சைட்' மொத்தமே 43 நிமிடம்தான். அதற்குள் காலம், பணம், சாவு, பைத்தியம் எல்லாம் வந்துவிடுகிறது. அதில் 'மனி' பாட்டின் தொடக்கத்தில் சில்லறையும் கல்லாப்பெட்டியும் கிழியும் காகிதமும் தாளத்தோடு விழும். டேப்பை வெட்டி ஒட்டி, வளையமாக ஓடவிட்டுச் செய்தது. ஏழு எண்ணிக்கை! மிஸ்ர சாபு போட்டுப் பழகிய கைக்கு உடனே பிடிபடும். சாக்ஸபோன் ஏழிலேயே போகும், கிட்டார் வந்ததும் நாலுக்குத் தாவும். அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க முடியுமா?

ஊசிமுனை:
தாவட்டும். ஆனால் 'ஷைன் ஆன்' யாருக்காக என்பதையும் பாருங்கள். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பேரட், மனம் குலைந்து 1968-இல் விலக வேண்டியதாயிற்று. 1975 ஜூனில் ஆபி ரோடு ஸ்டுடியோவில் இந்த ஆல்பத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது, உடம்பு பெருத்து, தலையும் புருவமும் மழித்த ஓர் ஆள் வந்து நின்றார். அவர்தான் சிட். கூட வாசித்தவர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை.

கடைசிபெஞ்ச்:
உருக்கமான கதைதான், சரி. மார்க் போடுவது கதைக்கா, பாட்டுக்கா? எந்தக் கதையும் தெரியாதவனுக்கும் 'டார்க் சைட்'டில் வரும் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' புல்லரிக்கும். பாடகி கிளேர் டோரி அதில் ஒரு சொல் கூடப் பாடவில்லை, வெறும் குரல்.

பக்கம்பி:
நடுவில் வருகிறேன். அந்த வெறும் குரலுக்கு அன்று கொடுத்தது 30 பவுண்ட். டோரி 2004-இல் வழக்குப் போட்டு, அடுத்த ஆண்டு சமரசம் ஆன பிறகுதான் இசையமைப்பில் ரைட்டோடு அவர் பெயரும் சேர்ந்தது. கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னொன்று, எல்பி இசைத்தட்டில் முதல் பக்கம் டோரியின் குரல் தேய்ந்து முடியும். எழுந்து போய்த் தட்டைத் திருப்பி ஊசியை வைத்தால் சில்லறைச் சத்தம். போனில் கேட்டால் ஒன்றன் பின்னாலேயே மற்றது வந்து விழுகிறது. இந்த ஆல்பத்துக்கு அந்த இடைவெளி தேவை.

ஊசிமுனை:
இடைவெளி பற்றிச் சொன்னது சரி. 'விஷ் யூ வேர் ஹியர்' பாட்டில் அது உள்ளேயே இருக்கிறது. முதலில் பழைய ரேடியோவிலிருந்து வருகிற மாதிரி ஒல்லியான கிட்டார். அதற்குப் பதில் சொல்ல, பக்கத்திலேயே உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இன்னொரு கிட்டார். நடுவே ஒருவர் இருமுவதும் கேட்கும்.

கடைசிபெஞ்ச்:
இருமலுக்கு முதலிடமா? 'டார்க் சைட்' அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் தரவரிசைப் பட்டியலில் 1973-இலிருந்து 1988 வரைக்குள் 741 வாரம் இருந்தது. உங்கள் ஆல்பத்தில் 'ஹேவ் எ சிகார்' பாடவே ராய் ஹார்ப்பர் என்ற வெளியாளைக் கூப்பிட வேண்டியிருந்தது.

ஊசிமுனை:
டோரி மட்டும் வீட்டு ஆளா தம்பி?