நாணயம் சேர்ப்பதே இலக்கான பிளாட்ஃபார்ம் விளையாட்டில் நாணயத்துக்கு மதிப்பை எப்படி உண்டாக்குவது?

பக்கவாட்டுப்பயணி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஓய்வு நேரத்தில், பக்கவாட்டில் நகரும் பிளாட்ஃபார்ம் விளையாட்டு ஒன்றை உருவாக்கி வருகிறேன். அதில் யாரையும் மீட்கவோ வீழ்த்தவோ வேண்டியதில்லை. ஒவ்வொரு லெவலிலும் இயன்ற அளவு நாணயங்களைச் சேர்த்துக்கொண்டு வாசலை அடைவதுதான் முழு ஆட்டமும். ஓடுவது, தாவுவது, சுவரில் உதைத்து எழும்புவது ஆகிய அசைவுகள் எனக்கு மனநிறைவு தரும் வகையில் அமைந்துவிட்டன.

சிக்கல் நாணயங்களில்தான் இருக்கிறது. ஆடிப் பார்த்த நண்பர்களில் ஒரு சாரார், சில லெவல்களைக் கடந்ததும் நாணயங்களைப் பொருட்படுத்தாமல் நேரே வாசலை நோக்கி ஓடிவிடுகிறார்கள். மற்றொரு சாரார் ஒன்றுகூட விடுபடக் கூடாது என்று திரும்பத் திரும்பப் பின்னால் வந்து, மூலைமுடுக்கெல்லாம் துழாவுவதால், நான் விரும்பிய வேகமும் ஓட்டமும் அறுந்துபோகின்றன. எண்ணிக்கையைக் கூட்டினால் சரியாகுமோ என்று பார்த்தேன்; முதல் சாராரின் அலட்சியம் கூடியதே தவிர வேறு பயன் இல்லை.

நின்டெண்டோ 3டிஎஸ் கருவிக்கு 2012இல் வந்த நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2 பத்து லட்சம் நாணயங்களை இலக்காக முன்வைத்த விளையாட்டு என்பதால், அதிலிருந்து கற்றுக்கொள்ள ஏதேனும் உண்டா என்றும் அறிய விரும்புகிறேன். நாணயத்தைக் கொடுத்துப் பொருள் வாங்கும் கடை எதையும் என் விளையாட்டில் வைக்க எனக்கு விருப்பமில்லை.

எட்டுபிட்வாசகன்

நீங்கள் சொல்லும் இரண்டு நடத்தைகளுக்கும் காரணம் ஒன்றே என்று நினைக்கிறேன். உங்கள் விளையாட்டில் ஒரு நாணயத்தை எடுப்பதற்கு ஆட்டக்காரர் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. விலை இல்லாத பொருளை ஒருவர் அலட்சியப்படுத்துவார். இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு அள்ளுவார். இருவருமே எதையும் முடிவு செய்வதில்லை.

1985இல் வந்த முதல் சூப்பர் மாரியோ பிரதர்ஸின் கணக்கைப் பாருங்கள். அங்கே ஒரு நாணயத்துக்கு 200 புள்ளிகள். லெவலை முடிக்கும்போது கடிகாரத்தில் மிஞ்சியிருக்கும் ஒவ்வோர் அலகுக்கும் 50 புள்ளிகள். அப்படியானால் ஒரு நாணயம் நான்கு அலகுகளுக்குச் சமம். அந்தக் கடிகாரத்தின் ஓர் அலகு ஏறத்தாழ 0.4 விநாடிதான் நீடிக்கும் என்பதால், ஒரு நாணயத்துக்காக 1.6 விநாடிக்கு மேல் ஒதுங்கினால் புள்ளிக் கணக்கில் நட்டமே. அதே சமயம், 100 நாணயங்கள் சேர்ந்தால் ஓர் உயிர் கூடுகிறது. ஆகவே புள்ளியில் நட்டப்பட்டாலும் உயிரில் ஆதாயம் காணலாம். ஆட்டக்காரர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை என்றாலும், குறைந்துகொண்டே வரும் எண்ணைக் கண்டு, மேலே தெரியும் அந்த நாணயத்தை எடுக்கலாமா விடலாமா என்று கணத்தில் முடிவெடுக்கிறார். நாணயத்தின் மதிப்பு பிறப்பது அந்தக் கணத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து.

அதே விளையாட்டில் பல நாணயங்களைத் தரும் கல் ஒன்று உண்டு. முதல் முறை முட்டியவுடனே கண்ணுக்குத் தெரியாத ஒரு நேரக்கணக்கு தொடங்கிவிடும். அது முடிவதற்குள் எத்தனை முறை முட்டுகிறோமோ அத்தனை நாணயங்கள் கிடைக்கும். நின்ற இடத்திலேயே கிடைக்கும் நாணயத்துக்கும் ஓர் அவசரத்தை வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் குறிப்பிட்ட 2012ஆம் ஆண்டு விளையாட்டுக்கு வருகிறேன். அதில் தங்கப்பூவை எடுத்தால், எறியும் தீப்பந்து கற்களையும் எதிரிகளையும் நாணயங்களாக மாற்றும்; தங்க வளையத்தைக் கடந்தால் எதிரிகள் பொன்னிறமாவார்கள், பொன்னிற ஆமையின் ஓடு உருண்டு செல்லும் வழியெல்லாம் நாணயங்களை இறைக்கும். கண்ணுக்கு அது பெருவிருந்து. ஆனால் 100 நாணயங்களுக்கு ஓர் உயிர் என்ற பழைய விதி அப்படியே தொடர்ந்ததால், உயிர்கள் மலைபோல் குவிந்து, உயிரும் மதிப்பிழந்தது, நாணயமும் மதிப்பிழந்தது. பத்து லட்சத்தை எட்டியவருக்குத் தொடக்கத் திரையில் ஒரு பொற்சிலை கிடைக்கிறது; அதற்காகக் கதைப் பகுதியை ஆடிக்கொண்டே இருக்க எனக்கு மனம் வரவில்லை. என்னைக் கட்டிப்போட்டது காயின் ரஷ் என்னும் பகுதி. தற்செயலாக அமையும் மூன்று லெவல்கள், ஒரே உயிர், மிகக் குறுகிய நேரம். இறுதிக் கொடிக்கம்பத்தின் உச்சியைத் தொட்டால் சேர்த்த நாணயங்கள் இரட்டிப்பாகும். கதைப் பகுதியில் திரும்பிப் பார்க்காமல் கடந்துபோன அதே நாணயத்துக்காக இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு தாவ வேண்டியிருக்கிறது. அந்த விளையாட்டிலிருந்து நீங்கள் கற்க வேண்டியது இந்தப் பகுதியைத்தான்.

வளையக்காவலர்

எட்டுபிட்வாசகன் நேரத்தை மட்டுமே விலையாகக் காண்கிறார். இழக்கும் அச்சமும் மதிப்பை உண்டாக்கும். 1991இல் வந்த, நாணயங்களுக்குப் பதில் வளையங்களைச் சேர்க்கும் சோனிக் விளையாட்டில் கையில் ஒரு வளையமாவது இருக்கும்வரை எதிரி மோதினாலும் சாவு இல்லை. ஆனால் வைத்திருந்த அனைத்தும் சிதறிவிடும். எத்தனை வைத்திருந்தாலும் திரையில் அதிகபட்சம் 32 வளையங்களே சிதறி, சில விநாடிகள் துள்ளிவிட்டு மறையும். ஆகவே 90 வளையங்களோடு ஓடுகிறவரும் 5 வளையங்களோடு ஓடுகிறவரும் ஒரே பாதையில் ஓடினாலும் அவர்களுடைய நெஞ்சம் ஒன்றாக இருப்பதில்லை. ஒவ்வொரு மண்டலத்திலும் முதலிரண்டு பகுதிகளின் முடிவில் 50 வளையங்கள் மீந்திருந்தால் மட்டுமே சிறப்பு நிலைக்குச் செல்லும் பெருவளையம் தோன்றும் என்பதால், அந்த எண்ணைக் கடைசிவரை காப்பாற்றுவதே தனி ஆட்டமாகிவிடுகிறது. உங்கள் விளையாட்டிலும் அடிபட்டால் நாணயங்கள் சிதறட்டும்.

பக்கவாட்டுப்பயணி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சிதறும் யோசனை ஈர்க்கிறது. ஆயினும் என் விளையாட்டில் எதிரிகள் மிகக் குறைவு, பள்ளங்களும் முட்களுமே அதிகம் என்பதால், நேரக்கணக்கே பொருத்தமாகப் படுகிறது. அடுத்து எழும் ஐயம் இது: நாணயங்களை எங்கே வைப்பது? இப்போது வெற்றிடம் தெரிந்த இடத்திலெல்லாம் வரிசையாக அடுக்கியிருக்கிறேன்.

தளவரைஞர்

நானும் இத்தகைய லெவல்களை வரைகிறவன் என்பதால் இதற்குச் சற்று விரிவாகவே பதிலளிக்கிறேன்.

நாணயத்துக்கு முதற்பணி வழிகாட்டுவது. பள்ளத்தின் மேல் வில்லாக வளைந்து நிற்கும் நாணயங்கள், இங்கே முழு ஓட்டத்தில் தாவினால் அக்கரை சேரலாம் என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் கூறிவிடுகின்றன. அந்த வில்லைக் கண்மதிப்பில் வரையாதீர்கள். சோதனை ஆட்டத்தில் உங்கள் பாத்திரம் முழு வேகத்தில் தாவும்போது அதன் இருப்பிடத்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் பதிவு செய்து, அந்தத் தடத்தின் மீதே நாணயங்களைப் பதியுங்கள். தாவலின்போது கிடைமட்ட வேகம் மாறாதிருந்தால், கிடைமட்டத்தில் சம இடைவெளி விட்டு வைத்த நாணயங்கள் சம நேர இடைவெளியில் கைக்கு வரும். அப்போது ஒலியும் தாளம் தப்பாமல் ஒலிக்கும். வளைவின் நீளத்தை அளந்து சமமாகப் பிரித்தாலோ, ஏறும்போதும் இறங்கும்போதும் ஒலி அவசரப்பட்டு, உச்சியில் இழுபடும். கண்ணுக்கு அழகாகத் தெரிவது காதுக்குப் பிசகும் இடம் இது. நாணயம் சேர்ப்பதே ஆட்டம் என்னும்போது ஆட்டக்காரர் ஒரு லெவலில் நூறு முறைக்கு மேல் அந்த ஒலியைக் கேட்கப்போகிறார். ஆகவே நான் காதின் பக்கமே நிற்பேன். இசையமைப்பாளர் கோஜி கோண்டோ முதல் மாரியோவுக்கு அமைத்த நாணய ஒலி, தாழ்ந்த ஒரு சுரத்திலிருந்து உயர்ந்த ஒரு சுரத்துக்குத் தாவும் இரண்டே சுரங்கள்தான். அவ்வளவு சிறியதாக இருப்பதால்தான் அடுத்தடுத்து ஒலித்தாலும் அது சலிப்பதில்லை.

இரண்டாவது பணி ஆசை காட்டுவது. நேர்வழியில் உள்ள நாணயங்கள் ஓட்டத்தைத் தாங்கினால் போதும். அவற்றைத் தவறவிட்டவர் திரும்பி வரத் தூண்டும் அளவுக்கு அவை அரிதாக இருக்கக் கூடாது. அரியவற்றைப் பிரியும் பாதையில் வையுங்கள். மேல்பாதையில் ஏறியவர் கீழ்ப்பாதையின் நாணயங்களை இழக்க வேண்டும், கீழே போனவர் மேலுள்ளவற்றை இழக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் எடுக்க முடியாதபடி கேமராவைப் பின்னோக்கி நகராமல் பூட்டிவிட்டால், துழாவும் பழக்கம் அடியோடு நின்றுவிடும். முதல் சூப்பர் மாரியோ பிரதர்ஸில் திரை இடப்பக்கம் திரும்பாது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒரு சிறு குறிப்பு: நாணயத்தின் மோதல் எல்லையைப் படத்தைவிடச் சற்றுப் பெரிதாகவும், முள்ளின் எல்லையைப் படத்தைவிடச் சற்றுச் சிறிதாகவும் வையுங்கள். தொட்டதாகத் தோன்றிய நாணயம் கைக்கு வராமல் போவதைப் போல ஆட்டக்காரரை வெறுப்பேற்றுவது வேறில்லை.

வளையக்காவலர்

கேமராவைப் பூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆராய்ந்து பார்ப்பதில் மகிழ்கிறவருக்கு அது கதவடைப்பு. நேரம் கழிகிறது என்ற விலையே அவருக்குப் போதும்.

தளவரைஞர்

முற்றிலும் பூட்டாமல் ஒரு திரை அகலம் மட்டும் பின்னால் வரவிடலாம். அதற்கு மேல் விட்டால் நண்பர் தொடக்கத்தில் சொன்ன சிக்கல் மீண்டும் வந்துவிடும்.

எட்டுபிட்வாசகன்

கடை வேண்டாம் என்று நீங்கள் சொன்னதால் இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சேர்க்கிறேன். 1994இல் கேம் பாய்க்கு வந்த வாரியோ லேண்டில், ஆட்டம் முழுவதும் சேர்த்த செல்வத்தைப் பொறுத்து இறுதியில் வாரியோவுக்குக் கிடைக்கும் வீடு மாறும். மிகக் குறைவென்றால் பறவைக்கூண்டு, உச்சமென்றால் ஒரு கோளே அவனுக்குச் சொந்தம். எதையும் வாங்காமலே, சேர்த்த நாணயமெல்லாம் ஒரு முடிவை நோக்கிப் போகிறது.

கைபேசிக்கு 2016இல் வந்த சூப்பர் மாரியோ ரன் வேறு வழியில் சென்றது. ஒவ்வொரு லெவலிலும் சாதாரண நாணயங்களோடு ஐந்து இளஞ்சிவப்பு நாணயங்கள் இருக்கும். அவற்றை ஒரே ஓட்டத்தில் எடுத்துவிட்டால், அடுத்த முறை வேறு இடங்களில் ஐந்து ஊதா நாணயங்கள் தோன்றும். அவற்றையும் எடுத்தால் இன்னும் கடினமான இடங்களில் ஐந்து கறுப்பு நாணயங்கள். பாத்திரம் தானாகவே ஓடும் அந்த விளையாட்டில் பின்னோக்கிச் சென்று துழாவ இடமில்லை. ஆகவே அதே லெவலை மீண்டும் ஆடும்போது பாதையையே புதிதாகச் சிந்திக்க வேண்டியிருக்கிறது. உங்களுடைய இரண்டு சாராரையும் இதனால் ஒருங்கே நிறைவு செய்யலாம்: விரைந்து ஓடுகிறவர் முதல் ஐந்தோடு வாசலை அடையட்டும், விடாப்பிடியானவர் கறுப்பு நாணயங்கள் வரை வந்து சேரட்டும்.

முதலில் ஒரே ஒரு லெவலில் கடிகாரத்தையும் பிரியும் பாதையையும் வைத்து, அதே நண்பர்களிடம் மீண்டும் கொடுங்கள். மொத்த எண்ணிக்கையில் எத்தனை எடுத்தார்கள் என்ற விகிதத்தை லெவலின் முடிவில் காட்டாதீர்கள். அந்த எண்ணே துழாவத் தூண்டும். இந்த ஓட்டத்தில் எடுத்ததையும், அவர்களுடைய முந்தைய சிறந்த ஓட்டத்தில் எடுத்ததையும் அருகருகே காட்டினால் போதும்.