நேரில் பார்த்த கார்களும் மேசைமேல் உருவான மாடல்களும்: அனுபவப் பகிர்வு

டியர்போர்ன், மிச்சிகன்

மாடல் கார் கிட்டில் (பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களில்) உள்ளதை ஒட்டி, பெட்டிமேல் இருக்கும் படத்தைப் பார்த்துப் பெயின்ட் அடித்தால் போதாதா, உண்மைக் காரை நேரில் போய்ப் பார்த்தே ஆக வேண்டுமா என்று புதிதாக மாடல் செய்ய வந்திருக்கும் தம்பி கேட்டிருந்தார். போகக்கூடிய தூரத்தில் இருந்தால் கட்டாயம் போய்ப் பாருங்கள் தம்பி. ஆனால் புறப்படும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: நீங்கள் செய்யப்போவது எந்த நாளின் கார்? ரேஸ் கார் ஒருநாள் இருந்ததுபோல் மறுநாள் இருப்பதில்லை. பயிற்சியில் ஓடியபோது இல்லாத தகடு போட்டியன்று இருக்கும். அடுத்த மாதம் வேறு ஊரில் அதே கார் வேறு எண்ணோடும் வேறு சக்கரத்தோடும் நிற்கும். நாளைத் தீர்மானிக்காதவருக்குத் துல்லியம் என்ற பேச்சே கிடையாது.

நான் வேலை பார்ப்பது டெட்ராய்ட் பக்கம். தி ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் எனக்குக் கைக்கெட்டும் தூரம். அங்கே நான் அதிகம் நின்றது 1967ஆம் ஆண்டு பிரான்சில் நடந்த லெ மான் 24 மணி நேரப் போட்டியை வென்ற ஃபோர்டு மார்க் IV காரின் முன்னால். சிவப்பு நிறம், போட்டி எண் 1, சேசிஸ் (அடிச்சட்டம்) எண் ஜே-5. ஓட்டியவர்கள் டேன் கர்னியும் ஏ. ஜே. ஃபாய்ட்டும். அமெரிக்காவில் கட்டிய காரில் அமெரிக்க ஓட்டுநர்கள் இருவர் லெ மானில் பெற்ற வெற்றி அது.

கர்னி நல்ல உயரம். தலைக்கவசத்தோடு அந்தக் காருக்குள் அவரால் உட்கார முடியவில்லை. அதற்காக மேற்கூரையில் வலப்பக்கம் ஒரு புடைப்பை எடுத்துக் கொடுத்தார்கள். ஸ்டீயரிங் வலப்பக்கம் என்பதால் புடைப்பும் அங்கேதான். படத்தில் பார்க்கும்போது அரைக்கோளத்தைக் கவிழ்த்து ஒட்டியதுபோலத் தோன்றுகிறது. நேரில் அப்படியில்லை. முன்பக்கம் சற்று வேகமாக எழுகிறது, பின்னால் கூரையோடு மெதுவாகக் கரைந்துபோகிறது. எங்கே முடிகிறது என்று கண்ணால் கோடு போட முடியாது. விளக்கொளி அதன்மேல் வளையும் இடத்தைப் பார்த்துத்தான் வடிவம் பிடிபட்டது. நான் செய்த மாடலில் அந்தப் புடைப்புக்கு ஆன நேரம் மீதிக் கூரை முழுவதற்கும் ஆகவில்லை. பட்டி தடவி, காயவிட்டு, நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, மேசை விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒளி வளைவதைப் பார்த்து, மறுபடியும் தேய்த்தேன். நடக்க நடக்கத்தான் அந்த ஒளி மாறுகிறது. அதைப் படம் காட்டாது.

படம் எடுப்பவர்களுக்கு: காரை ஒட்டி நின்று போனில் எடுக்காதீர்கள். மூக்கு பெரிதாகி, வால் சிறுத்துவிடும். தடுப்பிலிருந்து எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு போய், ஜூம் செய்து, சக்கரத்தின் நடு உயரத்துக்குக் கேமராவைத் தாழ்த்தி எடுங்கள். அந்தப் படத்திலிருந்துதான் விகிதம் கணக்கிட முடியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1/25 அளவில் (உண்மைக் காரில் 25இல் ஒரு பங்கு) ஓர் அங்குலம் 1.016 மில்லிமீட்டர். அதாவது உண்மைக் காரின் அங்குலம் நம் மேசையில் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். அமெரிக்கக் கார்களின் அளவுகள் எல்லாம் அங்குலத்தில் இருப்பதால், 1970 பிளிமத் சூப்பர்பேர்டின் வீல்பேஸ் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான நீளம்) 116 அங்குலம் என்று படித்ததும் ஸ்கேலில் 118 மில்லிமீட்டரைத் தேடலாம். 1/24 என்றால் அதுவே 123 ஆகிவிடும். ஒன்றின் அடிப்பாகத்தை மற்றதன் பாடியில் பொருத்த நினைப்பவர்கள் இந்த 5 மில்லிமீட்டரை முதலிலேயே மனத்தில் வைக்க வேண்டும். இங்கே டீலர்களுக்காகச் செய்து கொடுத்த விளம்பர மாடல்கள் 1/25இல் வந்தன, கிட்டுகளும் அந்த வழியிலேயே போயின. அதனால்தான் ஏஎம்டி, எம்பிசி, ஜோஹான் ஆகிய கிட் நிறுவனங்களின் பெட்டிகள் பெரும்பாலும் அந்த அளவில் இருக்கின்றன.

சூப்பர்பேர்டு என்றதும் உட்வர்ட் நினைவுக்கு வருகிறது. ஆகஸ்ட் மாதம் மூன்றாம் சனிக்கிழமை ஃபெர்ன்டேலிலிருந்து போன்டியாக் வரை உட்வர்ட் சாலையில் பழைய கார்கள் அணிவகுக்கும். 1995 முதல் நடக்கிறது. அருங்காட்சியகத்தில் தடுப்புக்கு அப்பால் நிற்கும் கார்கள் இங்கே கைநீட்டும் தூரத்தில் நிற்கின்றன, பக்கத்திலேயே உரிமையாளரும் இருக்கிறார். எலுமிச்சை மஞ்சள் சூப்பர்பேர்டு ஒன்றின் அருகே மடக்கு நாற்காலி போட்டு அமர்ந்திருந்த பெரியவரிடம், மாடல் செய்பவன் என்று சொல்லி, அடிப்பாகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். யாரும் கேட்காத கேள்வி போலும். எழுந்து வந்து தானும் குனிந்து காட்டினார்.

அடியில் மஞ்சள் முழுதாகப் பூசப்படவில்லை. பிரைமரின் மேல், பக்கவாட்டில் அடித்த வண்ணம் ஓரங்களில் புகைபோலச் சிதறிப் படிந்திருந்தது. “ஆலையில் யாரும் படுத்துக்கொண்டு அடிப்பாகத்துக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. எட்டிய இடம் வரை விழுந்தது. நான் அதை அப்படியேதான் திரும்பச் செய்யச் சொன்னேன்” என்றார். பக்கத்தில் நின்ற மற்றொரு காரின் அடிப்பாகம் கண்ணாடிபோல் மின்னியது. பரிசு எந்தக் காருக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். மாடலுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும்.

பின்கண்ணாடியைச் சுற்றிக் கறுப்பு வினைல் (தோல்போன்ற பிளாஸ்டிக் உறை) ஒட்டிய கூரை. சூப்பர்பேர்டுகளில் அது அழகுக்காக வைத்ததல்ல. காற்று வழுக்கிப் போவதற்காகப் பின்கண்ணாடிப் பகுதியை மாற்றியபோது உண்டான வெல்டிங் தழும்புகளை மறைக்க வைத்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு வினைலுக்கு அடியில் ஓர் ஒழுங்கின்மை இருக்கலாம் என்று புரிகிறது. கிட்டுகளில் வினைல் சொரசொரப்பு முதலைத் தோல்போல வருகிறது. 1/25இல் அந்தச் சொரசொரப்பு கண்ணுக்கே தெரியக் கூடாது. நான் அதைத் தேய்த்து எடுத்துவிட்டு, உருக்கி இழுத்த பிளாஸ்டிக் நூலால் தையல் கோடுகளை மட்டும் வைத்து, பளபளப்பில்லாத கறுப்பைச் சற்றுத் தொலைவிலிருந்து அடித்தேன். வண்ணம் காற்றிலேயே சற்று உலர்ந்து படிந்தது.

பானெட்டைத் திறந்தபோது எனக்கு வேண்டியது எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகளுக்குப் போகும் ஒயர்களின் பாதை. சிலிண்டர்களில் தீப்பொறி விழும் 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் எந்த ஒயர் எதன் மேலே போகிறது, எங்கே இரண்டு இரண்டாகக் கவ்வியில் சேர்கிறது என்பது புத்தகத்தில் இல்லை. 7 மில்லிமீட்டர் ஒயர் 1/25இல் 0.28 மில்லிமீட்டர். கடைகளில் ‘பிளக் ஒயர்’ என்று விற்பதில் பெரும்பாலானவை இதைவிடத் தடிமன். பழுதான இயர்போனைப் பிரித்து, உள்ளே இருக்கும் பூச்சுக் கம்பியை அளந்து பாருங்கள். காசும் மிச்சம்.

சார்லட், வட கரோலினா

அண்ணா, சூப்பர்பேர்டு பற்றி எழுதியதைப் படித்ததும் நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் செய்வது நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தயத்தில் ஓடிய கார்கள் மட்டும். பந்தய ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டியின் 1970 சூப்பர்பேர்டு, எண் 43. அதைச் செய்ய நினைக்கும் ஒவ்வொருவரும் முட்டி நிற்கும் இடம் அந்த நீலம்.

பெட்டி நீலம் பிறந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். காருக்குப் பூச வெள்ளையும் போதாது, நீலமும் போதாது என்றபோது இரண்டையும் கலந்தார்கள். ராண்டல்மன் பக்கத்தில் லெவல் கிராஸில் உள்ள பெட்டி அருங்காட்சியகத்துக்குப் போகும்போது, வெவ்வேறு நீலங்களைப் பிளாஸ்டிக் கரண்டிகளின் முதுகில் அடித்து, பின்புறம் எண் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு போனேன். காரைத் தொடாமல் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே விளக்கில் எது சரியாக இருந்ததோ அது வெளியே வெயிலில் பச்சைச் சாயல் காட்டியது. வெயிலில் எடுத்த அந்தக்கால வண்ணப் படங்களில் தெரியும் நீலம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது, அதுவும் படச்சுருள் மங்கியதால் இருக்கலாம்.

ஒரு முடிவுக்கு வந்தேன். நிறம் பார்க்கும்போது எந்த வெளிச்சத்தில் என் மாடல் வைக்கப்படும் என்பதை முதலில் தீர்மானித்து, அந்த வெளிச்சத்தில் மட்டும் கரண்டிகளை ஒப்பிடுகிறேன். உண்மைக் காரின் வண்ணத்தையே டப்பாவில் வாங்கி அடித்தாலும் சிறிய பரப்பில் அது இருண்டு தெரிகிறது. சில துளி வெள்ளை சேர்ப்பதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

நாள் என்று அண்ணா சொன்னது எங்களுக்கு இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். 1970 காரில் பெட்டியின் விளம்பரதாரரான எஸ்டிபி நிறுவனத்தின் சிவப்பைக் கலந்து செய்த மாடல்கள் கண்காட்சிகளுக்கு வருகின்றன. எஸ்டிபி வந்தது 1972இல். முழுக்காரையும் சிவப்பாக்கச் சொன்ன நிறுவனத்துக்கும் நீலத்தை விட மறுத்த பெட்டி குடும்பத்துக்கும் இடையிலான சமரசம்தான் அந்தச் சிவப்பு-நீலம். அந்தச் சமரசத்துக்கு முந்தைய காரில் அது எப்படி இருக்கும்? ஒரே கிட்டோடு பல ஆண்டுகளின் டெகால்கள் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர்கள்) வரும்போது, எந்த ஸ்டிக்கர் எந்தப் போட்டியில் இருந்தது என்று படம் பார்த்துப் பென்சிலால் குறித்துக்கொண்ட பிறகே தண்ணீரில் போடுகிறேன்.

ஃபிலடெல்பியா, பென்சில்வேனியா

இருவரும் சொன்னதற்கு ஒரே காரில் சாட்சி இருக்கிறது. எங்கள் ஊர் சிமியோன் அருங்காட்சியகத்தில் நிற்கும் ஷெல்பி கோப்ரா டேடோனா கூப்பே (மூடிய கூரையுள்ள பந்தயக் கார்), சேசிஸ் எண் சிஎஸ்எக்ஸ்2287. மொத்தம் கட்டிய ஆறு கூப்பேக்களில் முதலாவது. வடிவமைத்தவர் பீட் பிராக். இது கலிஃபோர்னியாவில் வெனிஸில் உருவானது, மற்ற ஐந்தின் பாடிகள் இத்தாலியில் மொடெனாவில் முடிந்தன. கையால் தட்டிய அலுமினியம் என்பதால் ஆறும் அச்சில் வார்த்ததுபோல் இருக்காது. இத்தாலியக் காரின் படத்தைப் பார்த்து 2287ஐச் செய்யக் கூடாது.

அருங்காட்சியகத்தை நிறுவிய ஃப்ரெட் சிமியோன் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர். பழைய காரைப் புதிதாக்கக் கூடாது, வரலாறு எப்படி விட்டுச்சென்றதோ அப்படியே காக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர். 2287 அவ்வாறே நிற்கிறது. வண்ணத்தில் கீறல், ஓரங்களில் உரிந்த இடம், தகட்டில் மெல்லிய அலை. அருகில் குனிந்தால் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் வரிசை நூல் பிடித்ததுபோல் நேராக இல்லை என்பதும் தெரிகிறது. இதைப் பார்த்த பிறகு, ரிவெட்டுகளை ஸ்கேல் வைத்துச் சம இடைவெளியில் துளைத்த மாடல்கள் எனக்கு ஏதோ வேறு காராகத் தெரிகின்றன. இப்போது கண்ணளவிலேயே துளைக்கிறேன்.

இனி நாள் விஷயத்துக்கு வருகிறேன். 1964 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் டேடோனாவில் இந்தக் கார் முன்னணியில் ஓடி, பிட்டில் (எரிபொருள் நிரப்பும், பழுது பார்க்கும் இடத்தில்) நின்றபோது தீப்பிடித்து விலகியது. மார்ச்சில் அதே மாநிலத்தின் செப்ரிங்கில் பாப் ஹோல்பெர்ட்டும் டேவ் மெக்டொனால்டும் ஓட்டி ஜிடி பிரிவை வென்றார்கள். மே மாதம் பெல்ஜியத்தில் ஸ்பாவுக்குப் போனபோது வேகத்தில் பின்பகுதி லேசாகிறது என்று ஓட்டுநர் ஃபில் ஹில் சொல்ல, அங்கேயே பின்ஓரத்தில் ஸ்பாய்லர் (காற்றால் பின்பகுதியைத் தரையோடு அழுத்தும் தகடு) ஒன்றை வைத்துப் பொருத்தினார்கள். 1965 நவம்பரில் பானவில் உப்புத்தரையில் கிரெய்க் பிரீட்லவ் இதே காரில் சாதனைகள் படைத்தார்.

இப்போது கிட்டை எடுத்துப் பாருங்கள். ஸ்பாய்லர் பாடியோடு சேர்த்தே வார்க்கப்பட்டு, டெகாலில் செப்ரிங் எண் இருந்தால், அந்தக் கார் எந்த நாளிலும் இருந்ததில்லை. நான் செப்ரிங்கைத் தேர்ந்தெடுத்தேன். ஸ்பாய்லரை ரம்பத்தால் அறுத்து, பின்ஓரத்தை அரத்தால் நேராக்கினேன். அருங்காட்சியகத்தில் நான் எடுத்த படங்கள் பாடியின் வளைவுக்கும் காக்பிட்டுக்கும் துணையாயின. பின்பகுதிக்கு அவற்றை ஒதுக்கிவிட்டு, 1964 மார்ச் படங்களை மட்டும் நம்பினேன். உண்மைக் கார் கண்முன் நிற்கும்போது அதையே மறுப்பதற்கு மனம் வர நேரமாகிறது. ஆனால் இந்தக் காரைப் பொறுத்தவரை அதுதான் சரி.

முடிந்த மாடலைக் கண்காட்சியில் வைத்தபோது, ஸ்பாய்லர் உடைந்துவிட்டதா என்று ஒருவர் கேட்டார். ஸ்பா கதையைச் சொன்னேன். அவர் வீட்டில் பாதியில் நின்றிருந்த இதே கிட்டின் படத்தைப் போனில் காட்டி, எந்த இடத்தில் அறுக்க வேண்டும் என்று கேட்டார். மேசையிலேயே தாள் விரித்துக் கோடு போட்டுக் காட்டினேன்.

தொலைவில் இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 2014இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்ந்த முதல் கார் இதுதான். அதற்காகத் தயாரித்த ஆவணங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. ஊருக்கு வர முடிந்தால், கார்களை வெளியே எடுத்து ஓட்டிக்காட்டும் நாளாகப் பார்த்து வாருங்கள். நிற்கும் காரில் தெரியாத ஒன்று அப்போது தெரியும்: ஓட்டுநர் அமர்ந்ததும் சக்கர வளைவுக்கும் டயருக்கும் இடையே எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்பது. மாடல்களில் பெரும்பாலும் கார் ஒரு மில்லிமீட்டராவது உயர்ந்து நிற்கிறது.

டியர்போர்ன், மிச்சிகன்

அந்த ஒரு மில்லிமீட்டர் பற்றிச் சொன்னதற்கு நன்றி சார். என் ஜே-5ஐ இப்போதுதான் அளந்தேன். முன்பக்கம் சரியாக இருக்கிறது, பின்பக்கத்தை இறக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கர்னி உட்கார்ந்த காரா, காலியாக நிற்கும் காரா என்பதை முடிவு செய்துவிட்டுச் சக்கர அச்சில் கை வைக்கிறேன்.

தம்பிக்கு: முதல் காருக்குச் சூப்பர்பேர்டு வேண்டாம். 1965 மஸ்டாங் ஒன்றை எடுங்கள். எங்கள் பக்கத்தில் எந்தக் கார் கூட்டத்துக்குப் போனாலும் ஒன்று நிற்கும், உரிமையாளர்களும் பேசப் பிரியப்படுவார்கள். வீல்பேஸ் 108 அங்குலம், உங்கள் மேசையில் 110 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதிலிருந்து தொடங்குங்கள்.