மதுரையில் மழைத்தோட்டம்: பரப்பைக் குறைக்கலாமா? (புனைபெயரில் மூவர் பேசிக்கொண்டது)

மாடித்தோட்டம்:
மழைத்தோட்டம் என்றால், மழைத்தண்ணீரைக் கொஞ்ச நேரம் தேக்கி மண்ணுக்குள் இறக்கும், செடி நட்ட பள்ளம். வீடுகள் நெருங்கிக் கிடக்கும் நம்ம ஊரில் அதற்கு இடமே இல்லை என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 50 மி.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர். அதை 15 செ.மீ. பள்ளத்தில் நிறுத்த 33 சதுர மீட்டர் வேண்டும். அதையே 30 செ.மீ. பள்ளமாக்கி, அடியில் 60 செ.மீ. ஜல்லி போட்டால், ஜல்லி இடுக்குகளே ஏறத்தாழ 40 சதவீத இடம் தரும். பத்து சதுர மீட்டருக்குள் வேலை முடிந்தது. நடுவில் மணல் கலந்த மண், மேலே வெட்டிவேர், கல்வாழை.

கரிசல்காட்டான்:
தம்பி, கணக்கு சரி, மண்ணை விட்டுட்டீங்களே. திருமங்கலம் பக்கம் எங்கள் கரிசல் நனைந்தால் உப்பி இறுகிவிடும். மேலே மணல் போட்டால் தண்ணீர் வேகமாக இறங்கி அடியில் தேங்கும். பரப்பைச் சுருக்கினால் உறிஞ்சும் தரையும் சுருங்குகிறது. ஐப்பசியில் அடுத்தடுத்து மழை வந்தால், முதல் நாள் தண்ணீரே வடிந்திருக்காது.

மாடித்தோட்டம்:
அதனால்தான் முதலில் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கச் சொல்கிறேன் அண்ணே. இறங்காத மண் என்றால், ஜல்லிக்குள் துளையிட்ட குழாய் வைத்து மிச்சத்தை வாறுகாலில் விடலாம். மெதுவாகத்தான் போகும், தெருவில் ஒரேயடியாகப் பாயாது. இரண்டு நாளில் வடிந்தால் கொசுவும் வளராது. முட்டை கொசுவாக ஒரு வாரமாவது வேண்டும்.

செல்லூர்வாசி:
2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி வாய்க்கால் வழிந்து எங்கள் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. அந்த வெள்ளத்துக்கு வீட்டுக் குழி எந்த மூலைக்கு? கண்மாயையும் வாய்க்காலையும் தூர்வாருவதுதான் முதல் வேலை. இன்னொன்று: குழி சின்னதானால் அதே குப்பையும் வண்டலும் கொஞ்ச இடத்தில் படிந்து சீக்கிரம் அடைக்கும். 2003இல் எல்லாக் கட்டிடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். எங்கள் தெருவில் அப்போது போட்ட தொட்டிகளைத் திறந்து பாருங்கள், மண்தான் இருக்கும்.

மாடித்தோட்டம்:
தூர்வார வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே அக்கா. வாய்க்காலுக்கு வரும் தண்ணீரை மேலேயே கொஞ்சம் பிடிப்போம் என்கிறேன். நுழைவாயிலில் சின்ன வண்டல் தொட்டி வைத்து, மழைக்கு முன்னால் அள்ளினால் அடைப்பு வராது.

கரிசல்காட்டான்:
மாடித் தண்ணீருக்குச் செய்யுங்கள், நானும் துணை. தெருத் தண்ணீருக்கு வேண்டாம். அதில் மண்ணும் எண்ணெயும் அதிகம், அகலமான பள்ளம்தான் தாங்கும். அஸ்திவாரத்திலிருந்து பத்தடி தள்ளித் தோண்டுங்கள்.

செல்லூர்வாசி:
பத்தடி தள்ளினால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் வரும். எங்கள் தெருவுக்குப் பள்ளி மைதானத்தின் ஓரத்தையோ பூங்காவின் மூலையையோ கேட்டு, அகலமாகவே தோண்டுவோம்.